போகிற வேகம் எவ்வளவு?

ஆஸ்பத்திரிச் செவிலி போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான்:

"ஏம்மா, அந்த மனுஷன் முன்னாடி அப்படிச் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

சைகைக்காரிக்கு ஒன்றும் ஓடவில்லை. குடியிருப்பில் எல்லாரும் அவளைச் சைகைக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், தொழில் அதுதான். ஆஸ்பத்திரியில் காது கேளாத ஒருவர் வந்தால், சக்கரம் வைத்த தாங்கியில் ஒரு திரையை உருட்டி வந்து முன்னால் நிறுத்துவார்கள். பொத்தானை அமுக்கினால் சைகை மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் நாற்பத்தொரு பேரில் ஓய்வாக இருக்கும் ஒருவர் அதில் வருவார். டாக்டர் பேசப் பேச அவர் கையால் சொல்வார். நோயாளி கையால் சொன்னதை வாயால் சொல்வார். அவள் தன் வீட்டுச் சின்ன அறையில், கை எடுப்பாகத் தெரியட்டும் என்று பின்னால் கருநீலத் துணியைத் தொங்கவிட்டு, ஆறு வருடமாக இதைச் செய்கிறாள்.

"நானா? சிரிச்சேனா?" என்றாள்.

"நான் பைலோட உள்ள வந்தப்போ பார்த்தேனே. டாக்டர் சொல்லி முடிச்சிட்டுக் கிளம்பிட்டார். நீங்க திரையில பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. அந்த மனுஷனும் சிரிக்கிறார். அப்புறம் எங்கிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தார், பாருங்க. 'எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?' அதுக்கு நான் பதில் எழுதினேன்மா. நான் எழுதினேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் அந்த மனிதருக்குச் சொன்னது, அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் மனைவி பிழைக்கவில்லை என்பது. புதிதாக ஒருவர் திரைக்கு வந்தால் முதலில் சிரித்து வணக்கம் சொல்வது அவள் வழக்கம். பயந்துபோய் வருகிறவர்களுக்கு அது ஒரு ஆறுதல். பிறகு டாக்டர் பேச ஆரம்பித்தார். அவளும் முகத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, நெஞ்சு கனக்கக் கையில் கொண்டுவந்தாள். எதிரே அவர் சிரித்தார். அதிர்ச்சியில் சிலர் சிரிப்பார்கள், அவள் பார்த்திருக்கிறாள். அதனால் மறுபடியும், இன்னும் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். டாக்டர் அவர் தோளைத் தட்டினார். இணைப்பு முடிந்தது.

அவர் முகத்தில் விழுந்த ஒவ்வொரு சுருக்கமும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தன் முகம் எதிரே இருப்பவருக்குத் தெரிகிறதா என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

உடனே அண்ணனுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான்கு தெரு தள்ளி அச்சகம் ஒன்றில் தாள் வெட்டும் எந்திரத்தில் வேலை. அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கையசைக்கக் கற்றது அவனிடம்தான். ஒன்றிலிருந்து இருபது வரை விரலில் காட்டி, எண்ணிச் சொல் என்றாள். அண்ணன் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினான். பிறகு பதினேழு என்றான்.

நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

'உன் படம் நின்னுபோச்சு. எப்பவும் நிக்கும்' என்று சர்வசாதாரணமாகக் கை காட்டினான். 'காலையில ரொம்ப மோசம். நீ பேசறதுல பாதிதான் எனக்கு வரும். மிச்சத்தை நானே ஊகிச்சுக்குவேன்.'

'ஏன் எங்கிட்ட சொல்லலை?'

'எல்லாருமே அப்படித்தானே' என்றான் அண்ணன். கேட்கிறவர்கள் பேசுவதில் பாதியை வாழ்நாள் முழுக்க ஊகித்தே பழகியவனுக்கு, தங்கையின் படம் நின்றுபோவது ஒரு பெரிய சங்கதியாகவே படவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தலைக்கேறும் கோபம்.

அப்போது அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த மனிதர் ஏன் கையை ஆட்டி, படம் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை? டாக்டர் நீளமாகப் பேசும்போது கையை மடியில் வைத்து அசையாமல் கேட்டுவிட்டு, முழு வாக்கியமும் கையில் கிடைத்த பிறகே சொல்வது மொழிபெயர்ப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அவர் அதை அறிந்தவர். வணக்கம் சொல்லிக் கையை மடியில் இறக்கிய நொடியில் அவள் படம் நின்றிருக்க வேண்டும். இந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்கக் கேட்கச் சிரிக்கிறாள், அப்படியானால் நல்ல சேதிதான் என்று காத்திருந்திருக்கிறார்.

மதியம் கணவன் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சாப்பிட வீட்டுக்கு வருவான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவன் ஒட்டிவைத்திருந்த அட்டவணையை அவள் பிய்த்து மேசையில் வைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, ஊரில் கிடைக்கும் இணைய இணைப்புகளையெல்லாம் அவன் ஒப்பிட்டு எழுதிய அட்டவணை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டது.

"இதுல போகிற வேகம் எங்க?" என்றாள்.

"எது போகிறது?"

"நம்ம வீட்டுலேர்ந்து வெளிய போகிறது. என் கை, என் முகம். அது எவ்வளவு வேகத்துல போகுது?"

கணவன் போனில் வேகம் பார்க்கும் செயலியைத் திறந்தான். நூறு என்று கொட்டை எழுத்தில் வந்தது. "பாரு, நூறு. சொன்னபடி வருது" என்றான். அவள் விரலை வைத்து அதற்குக் கீழே காட்டினாள். அங்கே பொடி எழுத்தில் இரண்டாவது எண் ஒன்று இருந்தது. நான்கு. காலை பத்து மணிக்கு அது ஒன்றுகூடத் தேறாது என்பதை அடுத்த நாளே பார்த்துவிட்டார்கள். கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் அலுவலகக் கூட்டத்துக்குக் கேமராவைத் திறந்து உட்காரும் நேரம் அது.

"ஐயோ, இத நான் பார்க்கவே இல்லையேம்மா" என்றான். பாவம், மறுபடியும் அடிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை அவள் சொல்லச் சொல்ல எழுதினான்.

பழைய போன் கம்பி: வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மெதுவு, அதிலும் போகிறது வருவதைவிடக் கேவலம். டிவி கேபிள்: இப்போது இருப்பது. வருவது ராஜபாட்டை, போவது ஒற்றையடிப் பாதை, அந்த ஒற்றையடியிலும் கட்டடமே நடக்கிறது. கோபுரத்திலிருந்து காற்றில் வாங்கும் பெட்டி: ஒரு மணிக்கு ஒரு குணம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம். மொட்டை மாடியில் தட்டு வைத்து வானத்திலிருந்து வாங்குவது: வேறு வழியே இல்லாத இடத்துக்குப் புண்ணியம், ஆனால் இங்கே பக்கத்துக் கட்டடம் பாதி வானத்தை மறைக்கிறது. கடைசியில், கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வருவது: வருவதும் போவதும் ஒரே வேகம்.

"நம்மளது கண்ணாடி இழைதானே? விளம்பரத்துல அப்படித்தான் போட்டிருந்தான்" என்றான் கணவன்.

இணைப்புக் கம்பெனியின் கடையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளனும் அதையேதான் சொன்னான்.

"மேடம், உங்களுது ஃபைபர். இதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது."

"ஃபைபர் எது வரைக்கும் வருது?"

"உங்க ஏரியா முழுக்க."

"ஏரியாவைக் கேக்கலை தம்பி. என் வீட்டுச் சுவத்துக்குள்ள வர்ற ஒயர் என்ன?"

அவன் கணினியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர் மேடம். அங்கேர்ந்து கேபிள்."

"அப்போ ஃபைபர் தெருமுனையில குடியிருக்கு. நான் வீட்டுல குடியிருக்கேன். சரி, போகிற வேகம் எவ்வளவு? உங்க பலகையில எங்க போட்டிருக்கு?"

பலகையில் குடும்பம் ஒன்று சோபாவில் உட்கார்ந்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நூறு, இருநூறு, ஐந்நூறு என்று வண்ண வண்ணமாக எண்கள். போகிற வேகம் எங்கேயும் இல்லை.

"அதை யாருமே கேக்கமாட்டாங்க மேடம். எல்லாரும் பார்க்கிறதுக்குத்தானே நெட் வாங்கறாங்க."

"நான் காட்டறதுக்கு வாங்கறேன்" என்று அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவான். அன்று குனிந்த தலை குனிந்தபடி, "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றான். விற்பனையாளன் மறுபடியும் பலகையைக் காட்டினான்.

இழையை வீட்டுக்குள்ளேயே இழுத்துத் தரும் வேறொரு கம்பெனியைப் பிடித்து, எட்டே நாளில் சுவரில் துளை போட்டு மாற்றிவிட்டார்கள். அதுவரை அவள் வேலைக்கு உட்காரவே இல்லை. வருவதும் நூறு, போவதும் நூறு. அண்ணன் இருபதையும் ஒன்று விடாமல் எண்ணினான். அதோடு கதை முடிந்தது என்று கணவன் நினைத்தான். நிறுவனத்தின் மேலாளரும் அப்படித்தான் நினைத்தார்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பியது ஒரு கையெழுத்துக்காக. நல்ல மனுஷிதான், அதட்டிப் பேசத் தெரியாதவர். மேசையில் அந்த அழைப்பின் அறிக்கை இருந்தது. நேரம் காலை பத்து பன்னிரண்டு. படத்தின் தரம்: நன்று. சேதி நோயாளியின் கணவரிடம் சொல்லப்பட்டது: ஆம்.

"தரம் நன்றுன்னு யார் சொன்னது?" என்றாள்.

"கம்ப்யூட்டரே குறிச்சுக்கும்மா. உங்க திரையில படம் எப்படி வந்துதுன்னு பார்த்து."

"என் திரையில அவர் நல்லாத்தான் வந்தார். அவர் திரையில நான் வந்தேனா?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "நீங்கதான் புது லைன் போட்டாச்சே. வேலையில சேரும்போது நாங்க கேட்டது ஐம்பது. நீங்க வெச்சிருந்தது நூறு. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. நான் யார் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன். இதுல கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே மறுபடி வேலையை ஆரம்பிங்க."

"ஐம்பதுன்னு கேட்டீங்களே, அது வர்றதா, போறதா?"

"இணைய வேகம்னு போட்டிருக்கு."

"நம்ம தொழில்ல கைதான் நாக்கு. அந்தக் கை வெளிய போகணும். நாற்பத்தொரு பேரைச் சேர்த்திருக்கீங்க. அத்தனை பேர்கிட்டயும் உள்ள என்ன வருதுன்னு மட்டும் கேட்டுச் சேர்த்திருக்கீங்க. அவங்களுக்கும் என் வீட்டு மாதிரிக் கேபிள்தான் இருக்கும். அவங்க முகமும் நின்னுபோயிருக்கும். அவங்களுக்கே தெரியாது. எனக்கே தெரியாதே!"

"அப்படி இருந்தா புகார் வந்திருக்கணுமே" என்றார் மேலாளர். "ஆறு வருஷத்துல ஒரு புகார் வந்ததில்லைம்மா. உண்மையாத்தான் சொல்றேன். வந்திருந்தா விட்டிருப்பேனா?"

"எங்க புகார் பண்ணணும்?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் திரைக்குக் கீழேயே ஒட்டி வெச்சிருக்கோம். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கு."

"என்ன ஒட்டி வெச்சிருக்கீங்க, படிங்க."

மேலாளர் இழுப்பறையிலிருந்து அந்த ஒட்டுத்தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "சேவையில் குறை இருந்தால் உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசவும்." அதன் கீழே இருந்த எண்ணையும் படிக்க ஆரம்பித்தார். பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.



அவள் அறிக்கையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். சொல்லப்பட்டது என்பதற்கு எதிரே இருந்த 'ஆம்' மேல் கோடு போட்டாள். அதன் பக்கத்தில், 'சொல்லப்படவில்லை. அவர் தன் மனைவி இறந்ததை ஒரு சீட்டில் படித்துத் தெரிந்துகொண்டார்' என்று எழுதினாள்.

"இது மேல போச்சுன்னா விசாரணை வரும்" என்று மேலாளர் மெதுவாகச் சொன்னார். "முடியற வரைக்கும் உங்களைப் பட்டியல்ல வெச்சுக்க முடியாது. அது எத்தனை மாசமோ. யோசிச்சுப் பண்ணுங்கம்மா."

அவள் யோசிக்காமல் இல்லை. சின்ன அறையும், கருநீலத் துணியும், கணவனின் வேன் மட்டும் ஓடி வீடு ஓடப்போகும் மாதங்களும் கண்முன் வந்தன. பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்போ மத்த நாற்பது பேர்கிட்டயும் கேளுங்க, போகிற வேகம் எவ்வளவுன்னு" என்றாள். "போன் பண்ணியே கேளுங்க. அவங்களுக்குக் காது கேக்கும்."