ஒடுக்கு விழுந்த டப்பா

"இதுவும் வேண்டாம். மூடி ரொம்ப இறுக்கம்" என்று அம்மா டப்பாவைப் போர்வையின் மேல் உருட்டிவிட்டாள்.

மகள் அதை எடுத்துப் பைக்குள் போட்டாள். காலையிலிருந்து இது மூன்றாம் நடை. "உங்கம்மா இன்னும் பாஸ் மார்க் போடலையா?" என்று பாத்திரக்கடைக்காரர் போன தடவையே சிரித்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மூச்சு வாங்கிக்கொண்டு டப்பாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஆளா அம்மா! அப்பாவுக்குக் கண் போய் இரண்டு வருடம். தனக்குப் பிறகு அவர் இந்த வீட்டிலேயே, தன் டீயைத் தானே போட்டுக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அண்ணன் வீட்டு ஒன்பதாவது மாடியில் ஒரு மூலையில் உட்காரக் கூடாது. அதற்குச் சமையலறை அலமாரி அவர் கைக்குப் பழக வேண்டும்.

"என் கைக்குத் திறந்தா அவர் கைக்கும் திறக்கும்." இதுதான் அம்மா வைத்த பரீட்சை. கண்ணாடி ஜாடி தோற்றது. "கீழ விட்டா காலைக் கிழிச்சிடும்." திருகு மூடி தோற்றது. "கோணலா மாட்டிக்கும். எறும்பு குடும்பத்தோட குடி வந்துரும்." கடைசியில் நாலு பக்கமும் கொக்கி வைத்த சதுர டப்பா. அம்மா ஒரே விரலால் நெம்பினாள். திறந்தது. திரும்ப ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"நாலு சத்தம் கேட்டாத்தான் மூடினதா அர்த்தம். கேக்குதாங்க?"

"காது நல்லாத்தான்டி இருக்கு" என்றார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா. நாற்பது வருடம் லேத் பட்டறையில் இருந்தவர். "இத்தனை வருஷம் சமையல்கட்டுக்குள்ள விடாதவ, இப்ப கூப்பிடறா பாரு."

"விட்டிருந்தா ஒரு சாமான் உருப்படியா மிஞ்சியிருக்குமா?"

சர்க்கரைக்குச் சதுர டப்பா. டீத்தூளுக்கு உருண்டை. அரிசிக்கு மூடி போட்ட வாளி. உப்புதான் பாக்கி.

"உப்புக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமாம்மா?"

"வேண்டாம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா குழம்பிடுவார். அந்தப் பழைய எவர்சில்வர் டப்பாவை எடு."

வயிற்றில் பெரிய ஒடுக்கு விழுந்த டப்பா. மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான். அம்மா அதை அப்பாவின் கையில் வைத்தாள்.

"யார் வேலைன்னு தெரியுதா?"

அப்பாவின் கட்டைவிரல் நேராகப் பள்ளத்தில் போய் நின்றது. "கல்யாணமான வருஷம். சாப்பாட்டுல உப்பில்லைன்னு சுவத்துல விட்டெறிஞ்சேன்."

"நல்லாத்தான் எறிஞ்சீங்க. இப்ப உதவுது பாருங்க. மேல்தட்டுல இடது ஓரம் இதுதான். இதைத் தொட்டுட்டு வலப்பக்கம் போனா சர்க்கரை. சொல்லுங்க."

அப்பா சொன்னார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆவதற்குள் அம்மா போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலைக்குள் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். அண்ணன் தன்னோடு அழைத்துப்போக அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தான்.

"எல்லாருக்கும் நான் டீ போடறேன். குடிச்சிட்டு முடிவு பண்ணு" என்று அப்பா எழுந்தார்.

கெட்டிலில் தண்ணீர், டீத்தூள் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு கை மேல்தட்டின் இடது ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. தடவினார். மறுபடி தடவினார். இரண்டு சதுர டப்பாக்கள், இரண்டும் வழவழவென்று. ஒன்று சரிந்து தரையில் விழுந்தது.

"இதுக்குத்தான் சொல்றேன்" என்றான் அண்ணன்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "அந்த நசுங்கின டப்பாவா? பாக்க நல்லா இல்லைன்னு நேத்து நான்தான் பழைய சாமானோட போட்டுட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு உப்பையும் இன்னொரு சதுர டப்பாவுக்கு மாத்தி..."

நல்ல மனசுதான். அதை வைத்து என்ன செய்ய! மகள் பின்பக்கம் ஓடிப் பழைய சாமான் சாக்கைக் கவிழ்த்தாள். டப்பாவைக் கழுவித் துடைத்து, உப்பைக் கொட்டி, இடது ஓரத்தில் வைத்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை."

"விடேன், அவரைப் போட்டுப் படுத்தாதே."

"நீ கொஞ்சம் வாயை மூடு அண்ணா."

அப்பாவின் கை மேலே போனது. கட்டைவிரல் ஒடுக்கில் இறங்கியது. ருசி பார்த்திருந்தால் எது உப்பு என்று முன்பே தெரிந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவேயில்லை. தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு கை வலப்பக்கம் நகர்ந்தது.

அண்ணன் ஒரு வாய் குடித்தான். முழுவதும் குடித்தான். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமாப்பா?"

"இரு, போடறேன்" என்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் பெட்டியைத் திறந்து மேலிருந்த சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தான். இரண்டாவதை எடுக்கும்போது சமையலறையில் டப்பா மூடும் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சட்டையும் கையுமாக நின்றான்.

டக்.