ஏழாவது எண்

யாரும் எடுக்கப்போவதில்லை. அதற்காகத்தானே இந்த எண்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் எண்களை அழுத்தினேன். விரல்களுக்குப் பழகிப்போயிருந்தது. எங்கள் லுத்தரன் தேவாலயத்தில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஜெபச் சங்கிலி ஒன்று உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால் செய்தி முதல் பெண்ணுக்குப் போகும். அவள் ஜெபித்துவிட்டு, பட்டியலில் அடுத்தவளுக்குத் தொலைபேசியில் சொல்வாள். பதினான்கு பேர். ஐந்தாவது லோரைன், ஆறாவது நான். ஏழாவது லோரைனின் அக்கா அடெலின், இறந்து ஒன்றரை வருடமாகிறது. பட்டியலை வைத்திருக்கும் லோரைனுக்கு அக்காவின் பெயரை அடிக்க மனம் வரவில்லை. அவளைத் தாண்டி எட்டாவது பெர்னிஸை நான் அழைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரு வருடமாக நான் அழைத்ததே இல்லை.

என் கணவர் ரோஜருக்காகச் சங்கிலியில் எல்லோரும் ஐந்து மாதம் ஜெபித்தார்கள். அவர் போன பிறகு, என்னிடம் வந்த ஜெபங்களையெல்லாம் அடெலினின் எண்ணுக்கே அனுப்பினேன். நான்கு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். ஜெபம் பலிக்கும் என்ற பொய்யை அடுத்தவளிடம் கடத்தவில்லை என்று ஒரு திருப்தி. பெர்னிஸுக்குக் காது மந்தம். மணி அடித்தது கேட்டிருக்காது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் லோரைனின் குரல் உடைந்திருந்தது.

"ஸோல்வெய்க், நம்ம லெய்ஃப் சோளக் குதிருக்குள்ள விழுந்துட்டான்டி. கழுத்து வரைக்கும் மூடிடுச்சாம். உசிரு இருக்கு. தீயணைப்பு ஆளுங்க போயிருக்காங்க. ஜெபம் பண்ணு. அடுத்தவளுக்குச் சொல்லு."

லெய்ஃப் என் தம்பி. அவன் பண்ணைக் குதிர் மாடி வீட்டு உயரம்; இன்னும் கொஞ்சம் சோளம் சரிந்தால் மூச்சு நின்றுவிடும். பெர்னிஸிடம் சொன்னால் எல்லோரும் ஜெபிப்பார்கள். பிறகு ரோஜருக்கு நடந்ததுதான் இவனுக்கும் நடக்கும். பழைய எண்ணையே அழுத்தினேன்.

இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். இறந்தவளின் எண்ணை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள்.

"யாருங்க நீங்க? மாசத்துல ரெண்டு தடவை அடிச்சுட்டு வெச்சுடறீங்க. வான்கோழி ஆலையில கையுறை மாட்டிட்டு நிக்கறவ எப்படி எடுப்பேன்?"

வைத்துவிட்டிருக்கலாம். எவ்வளவோ முறை நானே கேட்டிருந்த வாக்கியம் வாயிலிருந்து விழுந்தது. "லெய்ஃப் குதிருக்குள்ள மாட்டிக்கிட்டான். ஜெபம் பண்ணுங்க."

"யாரோட பிள்ளை?" என்றாள்.

"என்னது?"

"லெய்ஃப் யாரோட பிள்ளை அக்கா? கடவுள்கிட்ட சரியாப் பேரு சொல்லிக் கேக்க வேண்டாமா?"

ரோஜருக்காக ஐந்து மாதம் ஜெபித்தவர்களில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "டோர்வால்டோட பிள்ளை. என் தம்பி," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"லெய்ஃப் டோர்வால்ட்," என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எம்பேரு ஷம்சோ. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்க சோமாலி ஆளுங்க அத்தனை பேரும் பள்ளிவாசல்லதான் இருக்காங்க. பண்ணை எங்கன்னு சொல்லுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புத் தொண்டர்கள் எட்டுப் பேரும் குதிரின் இரும்புச் சுவரை அறுத்துத் துளை போட்டிருந்தார்கள். உள்ளிருந்து சோளம் கொட்டியது. கொட்டிய சோளமே குவிந்து துளையை அடைத்தது. எட்டுப் பேர் வாரித் தள்ளித் தீரவில்லை. தேவாலயப் பெண்கள் தலை குனிந்து நின்றிருந்தார்கள். "எனக்கு யாருமே சொல்லல. சைரன் கேட்டு வந்தேன்," என்றாள் பெர்னிஸ். காது மந்தமானவளுக்கு அது மட்டும் கேட்டிருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பனி மூடிய சாலையில் கார்கள் வரிசையாக வந்தன. தொழுகைக்குப் போட்ட வெள்ளை அங்கிகளோடு முப்பது ஆண்கள் இறங்கினார்கள். கிடைத்த மண்வாரிகளை எடுத்தார்கள்.

"துணி பாழாயிடும்பா!" என்று தீயணைப்புத் தலைவர் கத்தினார்.

"துவைச்சுக்கலாம் ஐயா. நீங்க தள்ளுங்க."

அவர்களுக்குப் பின்னால் வந்த ஒருத்தி கூட்டத்துக்கு நடுவில் நின்று, "அடிச்சுட்டு வெச்சுடற அக்கா யாரு?" என்று உரக்கக் கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். நான் கையைத் தூக்கினேன். ஷம்சோ வந்து என் பக்கத்தில் நின்றாள். உள்ளங்கைகளை விரித்து முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் லோரைன் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். இரண்டுக்கும் நடுவில் மண்வாரிகளின் தாளம். ரோஜர் விஷயத்தில் என் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் என் உதடுகள் அசைந்தன. லெய்ஃப், டோர்வால்டின் பிள்ளை. லெய்ஃப், டோர்வால்டின் பிள்ளை. வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

நான்கு மணிக்கு அவனை வெளியே இழுத்தார்கள்.

வீடு பற்றி எரிந்தாலும் 'கொஞ்சம் சூடா இருக்கு' என்று சொல்கிற ஊர் எங்களுடையது. அன்று லோரைன் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்து அலறினாள். "அல்லாஹு அக்பர்!" என்று முப்பது குரல்கள் எழுந்தன. பாதிரியார் ஒரு சோமாலிக்காரரைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் பெர்னிஸ்.

"கடவுள் பெரியவர்னு," என்று ஷம்சோ அவள் காதில் கத்தினாள்.

"அதுதான் எனக்குத் தெரியுமே!" என்று பெர்னிஸும் திருப்பிக் கத்தினாள்.

லெய்ஃப் மூக்கிலிருந்து சோளத்தைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீ ஏன் அழற? உள்ள இருந்தது நானு."

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பெர்னிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னொரு கேக் எடுத்துக்கொண்டாள். லோரைன் பேனாவோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா பேரை அடிச்சுட்டேன்டி, ஒருவழியா. எல்லார்கிட்டயும் இருக்கற பட்டியல் தாளைத் திருத்திட்டேன். ஏழாவதா பெர்னிஸ். அக்கா நம்பரை வெச்சிருக்கற அந்தப் பொண்ணு நம்ம சபை இல்லையே, அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? உன் தாளையும் கொடு."

என் தாளில் அடெலினின் பெயருக்கு மேலே, ஷம்சோ சொல்லச் சொல்ல எழுதியிருந்தேன். ஷம்சோ வார்சமே குலேத். அவள் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர்.

தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

"வேண்டாம் லோரைன்," என்றேன். "காபி ஆறுது, குடி."