வாசலில் ஒரு பிழை

எங்கள் ஊரில் வாயைத் திறந்தால் முதலில் நேரம் வரும். அடுத்து விஷயத்தின் தரம், அடுத்து சொல்பவர் நிற்கும் இடம். விஷயம் கடைசியில்தான். ‘காலை ஏழு பத்து. தகவல். சமையலறை. உப்பு தீர்ந்துவிட்டது.’ தரங்கள், கீழிருந்து மேலாக, மூன்று: தகவல், எச்சரிக்கை, பிழை.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான தரத்தில் பேசினால் உதடு அசையும், சத்தம் வராது. சித்திரையில் எங்கள் தெரு நலச் சங்கம், இரைச்சல் தாங்கவில்லை என்று வரம்பைப் பிழைக்கு உயர்த்தியது. அதன் பிறகு எதிர்வீட்டு மிக்ஸி நின்றுபோனால் அது பிழை, அவர்கள் சொல்வது தெரு முழுக்கக் கேட்கிறது. நான் பேசுவது என் மனைவி சுகந்திக்குக் கேட்பதில்லை.

நான் பேசாமல் இருந்ததில்லை. மழை வரும்போலிருக்கிறது என்றேன். இந்தப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது என்றேன். எல்லாம் தகவல். எதுவும் உடையாதபோது பிழை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அது நேர்மையா, சோம்பலா என்று இப்போதும் தெரியவில்லை.

சந்தையில் வரம்பு கிடையாது. அங்கே கத்தரிக்காய் பொறுக்கியபடி சுகந்தி பேசினாள். நேரம், தரம், இடத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

“வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்.”

“ஏன்?”

“வீட்டுல ஒரு வார்த்தை பேசறீங்களா?”

“பேசிட்டுத்தானே இருக்கேன்.”

“உதடு அசையுது. மீனுக்கும்தான் அசையுது.”

நேராகச் சங்க அறைக்குப் போனேன். அங்கும் வரம்பு கிடையாது. செயலாளர் பெலிக்ஸ் இருந்தார்.

“பகல் பதினொன்று. தகவல். சங்க அறை. நான் கடுங்கோபத்தில் இருக்கிறேன்.”

என் கோபம்கூடத் தகவலாகத்தான் வெளியே வந்தது. அதில் கோபம் இன்னும் கூடியது.

“சரி சார். எதுவும் உடைஞ்சிருக்கா?”

“என் மனைவி போறா.”

“போறது உடையறதா சார்?”

“இத்தனை வருஷம் கூட இருந்தவ, எதிர்வீட்டு மிக்ஸிக்குக் கீழயா?”

“நீங்களும் பிழைன்னு சொல்லுங்க, யாரு தடுத்தா? ஆனா பிழைன்னா அது எங்கேருந்து ஆரம்பிச்சு வந்ததோ அந்த வழி முழுக்க வாயில வந்துடும். சரிபண்ண ஆளும் வந்துடுவாங்க. அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது.”

வெள்ளிக்கிழமை சுகந்தி பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றேன்.

“மாலை ஆறு. பிழை. வாசல். நீ போகக் கூடாது.”

சத்தம் வந்தது. எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வந்த வழியும் என் வாயிலிருந்து தானாகத் தொடர்ந்தது. வாசலுக்கு முன் கூடம், நீ துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றது. அதற்கு முன் மருத்துவமனை வராந்தா, உன் காய்ச்சல் இறங்கும்வரை வெறுங்காலோடு நடந்தது. அதற்கு முன் ஒரு நகரப் பேருந்து, யாரென்றே தெரியாத எனக்கு நீ ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தது. அதற்கு முன் எதுவும் இல்லை.

சுகந்தி பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். அவளுடைய பேருந்து போய்விட்டது.

சற்று நேரத்தில் சரிபண்ணும் ஆட்கள் வந்தார்கள். பிழை எந்த இடம் என்று மட்டும் கேட்டார்கள். பிழைத் தரத்திலேயே, வாசல் என்றேன். கதவையும் நிலையையும் படிகளையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, நன்றாகப் பூசியும் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பால் ஜன்னல் வழியாக வந்தது. சுகந்தி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது. நானும் தகவலாகவே பதில் சொன்னேன்.