கலனருகே ஒரு நாற்காலி

1994 பிப்ரவரியில், மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த ஒரு சிறிய சோதனை ஆலையில், அங்கே வேலை பார்த்த கிரிஜா கலனின் பக்கத்தில் நின்றால் எண்ணெயிலுள்ள கந்தகம் அவள் உடம்புக்குள் போய்விடுகிறது என்பது உறுதியானது. அங்கே எண்ணெய்ப் பாறையை நொறுக்கி, காற்றுப் புகாத உலையில் ஐந்நூறு டிகிரி வரை சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்து எண்ணெய் எடுத்தார்கள். அதில் இரண்டரை சதவீதம் கந்தகம். வாங்குபவர்கள் கேட்டது அரை சதவீதத்துக்கும் கீழே. ஹைட்ரஜன் செலுத்தும் அழுத்தக் கலன்தான் அதை இறக்குகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று கிரிஜா மூன்று நாள் வராதபோது அளவு இறங்கவில்லை. நான்காம் நாள் அவள் வந்து நின்றாள்; மதியத்துக்குள் இறங்கிவிட்டது. மேலாளர் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, கலனருகே ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"அக்கா, இனி நீங்க லீவு எடுத்தா நாங்களும் வீட்ட போக வேண்டியதுதான்," என்றான் உலையைப் பார்த்துக்கொண்ட மட்டக்களப்புச் சாம்பவன். "வாற மாசம் ஊரில இருந்து மனிசி வாறா. தயவு செஞ்சு தடிமன்கூடப் பிடிக்கப்படாது."

"போப்பா, நீ வேற," என்று கிரிஜா சிரித்தாள். சென்னையில் வேதியியல் முதுகலை முடித்தவள், மொன்றியல் ஆய்வகங்களில் ஆறு வருடம் பிறருடைய குடுவைகளைக் கழுவியிருந்தாள். அவளுக்கென்று யாரும் நாற்காலி போட்டதில்லை.

பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டில் அவள் தொட்ட வெள்ளிச் சாமான்கள் கறுத்தன. கணவர் மணிவாசகம் எவர்சில்வர் வாங்கி வந்தார். ஆறு வயது அம்ருதா மட்டும் அம்மா அருகில் வந்தாலே இருமினாள். கிரிஜா அடித்தளத்து அறையில் படுத்துக்கொண்டாள். இது உடம்புச் சூடு என்று முடிவு செய்தாள். வேதியியல் படித்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. தீபாவளியன்று காலை, மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் கைவிட்டு அள்ளித் தலையில் தேய்த்தாள். உடம்பு லேசானது. சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு மகளை மடியில் இருத்தி, அதே கிண்ணத்து எண்ணெயை அவள் உச்சியில் வைத்தாள். உடம்பிலிருந்து இறங்கிய கந்தகம் அத்தனையும் அந்த எண்ணெயில் இருந்தது. குழந்தையின் உதடு நீலமானது; ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"வேலைய விட்டுடு கிரிஜா," என்றார் மணிவாசகம்.

"விட்டுடறேன். இந்த மாசம் முடியட்டும்."

நான்கு வருடம் அப்படியே சொன்னாள். முப்பது பேர் பிழைப்பு, சாம்பவனின் கைக்குழந்தை என்று காரணங்கள் இருந்தன, எல்லாம் உண்மை. ஆனால் நீண்ட பஸ் பயணத்தில் ஒன்றைக் கவனித்திருந்தாள்: காலையில் அவள் கால்கள் வேகமாக நடந்தன, மாலையில் மெதுவாக. ஆலையில் அவள் இல்லாமல் முடியாது. வீட்டில் அவள் இல்லாதவரை எல்லோரும் சுகம்.

1998இல் கச்சா எண்ணெய் விலை விழுந்து ஆலையை மூடினார்கள். ஆறு மாதத்தில் கந்தகம் அவளை விட்டுப் போனது. பத்து வயது அம்ருதாவின் நெஞ்சைச் சோதித்த டாக்டர், இனி பயமில்லை என்றார். அன்று மாலை, சோபாவில் படித்துக்கொண்டிருந்த மகளை நோக்கி கிரிஜா நடந்தாள். ஒரு அடி வைத்தால் தரை ஒரு அடி நீண்டது. பத்து அடி வைத்தாள்; பத்து அடி நீண்டது.

"அங்கேயே இரும்மா," என்றாள் அம்ருதா, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். "நான் சத்தமாப் பேசறேன்."

அடுத்த வாரம் மணிவாசகம் நீளமான கம்பளம் வாங்கி விரித்தார்.