கட்டக் கூடாத கைகள்

"கையைக் கட்டாதீங்க" என்று சின்னவள் சொன்னபோது, சவப்பெட்டி கொண்டுவந்தவர் அக்காளின் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளை நாடாவால் முதல் முடிச்சைப் போட்டிருந்தார்.

"கட்டலேன்னா கை விலகிடும்மா. தூக்கறப்போ ஆடும். பாக்கறவங்க பயந்துடுவாங்க."

"பயப்படறவங்க பயப்படட்டும். அவிழ்த்துடுங்க."

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அழுகைகளைக் கண்டவர் அவர். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல் உத்தரவு போடும் பெண்ணை இதுவரை கண்டதில்லை. ஆகவே, வாசற்படியில் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் நல்லதோ கெட்டதோ, பெரியப்பாவின் வாயிலிருந்து ஓர் 'ஆகட்டும்' வந்த பிறகே நடக்கும். திருச்சபையின் செயலாளர் வேறு, அங்கும் அப்படித்தான்.

"சின்னப் புள்ள, ஏதோ துக்கத்துல பேசுது. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் பெரியப்பா.

சின்னவள் குனிந்து, நகத்தால் முடிச்சை நெம்பி அவிழ்த்து, நாடாவைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். அக்காளின் கைகளை எடுத்து உடலின் இரு புறமும், உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்தாள்.

அவை பேசிய கைகள். காது கேளாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தத் திருச்சபைக்கு வருவதுண்டு. அவர்கள் அங்கே பேசப்பட்ட ஒரு வார்த்தையையும் அறியாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்த அக்காள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கவனித்தாள். கவனித்ததோடு நிற்கவில்லை, சைகை மொழி கற்றாள். கற்றதோடும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி, காவல் நிலையம், பள்ளிக்கூடம் என்று அவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வாயாகவும் காதாகவும் போகத் தொடங்கி, கடைசியில் வேலையையே விட்டுவிட்டாள். அந்தக் கைகளை மூன்றே நாள் காய்ச்சல் ஓயவைத்துவிட்டது.

அவள் வேலையை விட்ட நாளிலிருந்து அப்பா அவளோடு நேராகப் பேசியதில்லை. அம்மா இல்லாத வீடு. சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். "உங்க அக்காகிட்ட சொல்லு, மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துக்கச் சொல்லு" என்பார் அப்பா. எதிரில் இருப்பவள் சின்னவளைப் பார்த்து, "உங்க அப்பாகிட்ட சொல்லு, குடை பைக்குள்ளதான் இருக்கு" என்பாள். "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க" என்று சின்னவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். அக்காள் சைகை மொழியைப் பழகிப் பார்த்ததும் இவளிடம்தான். எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. முழுதாக அல்ல, அரைகுறையாக.

பெட்டியைச் சுற்றி உறவினர் அமர்ந்தார்கள். பெரியப்பாவுக்குச் சபை கூடிவிட்டால் கதை சொல்லாமல் இருக்க முடியாது.

"பந்தயக் குதிரை ஒண்ணைக் கொண்டுபோய்ச் செக்குல கட்டினானாம் ஒருத்தன். அது எட்டூரைத் தாண்டி ஓடவேண்டிய குதிரை. எண்ணெய் ஆட்டியே செத்துப்போச்சு. நம்ம பொண்ணை நினைச்சா அந்தக் கதைதான் ஞாபகம் வருது. என்ன படிப்பு, என்ன உத்தியோகம்! கர்த்தர் குடுத்ததையெல்லாம் வீணாக்கிட்டா."

சிலர் தலையாட்டினார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதைக்கு மிச்சம் இருக்கு பெரியப்பா" என்றாள் சின்னவள். "அக்கா சொல்லியிருக்கா. பழைய சிநேகிதக் குதிரை ஒண்ணு வந்து, 'ஐயோ, உன் கதி இப்படி ஆயிடுச்சே, இங்கயே சுத்திச் சுத்தி வர்றியே'ன்னு அழுதுச்சாம். செக்குல இருந்த குதிரை கேட்டுச்சாம், 'ஏம்பா, பந்தயத் திடல் மட்டும் என்ன நேர்க்கோடா? அங்கயும் ஓடின இடத்துக்கேதான் திரும்பி வந்தோம். அங்க சுத்தினா கைதட்டினாங்க. இங்க சுத்தினா எண்ணெய் வருது. எது வேணும் உனக்கு?'ன்னு."

மூலையில் இருந்த அத்தை ஒருத்தி சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார் பெரியப்பா. "சரி, கிளம்பற வழியைப் பாருங்க."

அவள் உள்ளே போய், தான் உடுத்தியிருந்த பூப்போட்ட உடையைக் கழற்றிவிட்டு, அக்காளின் கருநீலச் சட்டையை அணிந்து வந்தாள். சைகை செய்பவர் அடர்ந்த ஒற்றை நிறத்தில்தான் உடுத்த வேண்டும். பூப்போட்ட துணியின் முன்னே கையசைத்தால், எழுத்தின் மேல் எழுத்து எழுதியது போலக் குழம்பிவிடும். பெரியப்பாவுக்குச் சட்டென்று விளங்கியது.

"என்ன செய்யப் போற?"

"அவங்க எல்லாரும் வருவாங்க. யாராவது சொல்லணும்ல?"

"உனக்கு முழுசா தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ பின்னால அவங்களுக்குன்னு போட்ட மூலையில உட்கார்ந்து, தெரிஞ்சதைச் சொல்லு. முன்னால நின்னு கையை ஆட்டினா எல்லார் கண்ணும் அங்கதான் போகும்னு கமிட்டியில பேசித்தான் அந்த இடத்தைக் குடுத்திருக்கோம். இது சாவு, நாடகம் இல்ல."

"பெட்டி முன்னாலதானே பெரியப்பா இருக்கும்? பின்னால உட்கார்ந்தா அவங்க அவ முகத்தைப் பாப்பாங்களா, என் கையைப் பாப்பாங்களா? நான் முன்னாலதான் நிப்பேன்."

"உன் அப்பன் சொல்லட்டும்" என்று தம்பியின் பக்கம் திரும்பினார் பெரியப்பா.

அப்பா எழுந்து பெட்டியருகே வந்தார். நெடுநேரம் மூத்தவளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கம் விடவில்லை போலும், பார்வையை விலக்கிச் சின்னவளிடம், "உங்க அக்காகிட்ட சொல்லு…" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

 சின்னவள் இளகவில்லை.

"நீங்களே சொல்லுங்கப்பா. இன்னைக்கு நான் வேற ஆளுங்களுக்கு வேலை பாக்கணும்."

 அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆராதனை தொடங்கியபோது அவள் பிரசங்க மேடையின் இடப்புறம், ஜன்னலின் முன்னே போய் நின்றாள். காது கேளாதவர்களைக் கையசைத்து முன்வரிசைக்குக் கூப்பிட்டாள். அவர்கள் தயங்கி, ஒருவர் பின் ஒருவராக வந்து அமர்ந்தார்கள். அமர்ந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் கையை வீசி அவளை 'நகரு, நகரு' என்றார்கள். பின்னாலிருந்த வெளிச்சத்தில் அவள் முகமும் கையும் வெறும் நிழலாகத் தெரிந்திருக்கின்றன. முதல் பிழை. அவள் இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்றாள்.

போதகர் இறந்தவளின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை முன்வரிசையில் யாரும் அறியமாட்டார்கள். சின்னவள் ஒரு விரலால் வலப் புருவத்தின் மேல் சிறு கோடு இழுத்தாள். சிறு வயதில் விழுந்த காயத்தின் தழும்பு அக்காளுக்கு அங்கே இருந்தது. அவர்கள் அவளுக்கு இட்ட பெயர் அதுதான். வரிசை முழுவதும் அதே கோட்டைத் தன் தன் புருவத்தில் இழுத்தது.

போதகர் வேகமாக வாசிப்பவர். இரண்டு வசனங்களுக்குள் அவள் பின்தங்கிவிட்டாள்.

"பாஸ்டர், கொஞ்சம் மெதுவா" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் ஆச்சரியத்தோடு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசித்தார். 'இளைப்பாறுதல்' என்ற சொல் வந்தது. அவளுக்கு அதற்குச் சைகை தெரியவில்லை, தூக்கத்தைக் காட்டினாள். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், தம் பெரிய மீசையாலேயே மீசைக்காரர் என்று அறியப்பட்டவர், தலையசைத்து மறுத்து, இரு உள்ளங்கைகளையும் மார்பின் மேல் மெல்ல இறக்கிக் காட்டினார். அவள் அப்படியே திருப்பிச் செய்தாள். வரிசை தலையாட்டியது. அதுவரை போதகர் காத்திருந்தார்.

பிறகு பிரசங்கம். "தோட்டக்காரர் மிக அழகான பூவைத்தான் முதலில் பறித்துக்கொள்வார்" என்றார் அவர், எல்லா இளவயதுச் சாவுகளிலும் சொல்லுவது போல.

அவள் கைகள் ஒரு கணம் நின்றன. அக்காள் பூவா? அதைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. அக்காள் ஆயிரம் முறை சொன்னது. சொன்னதைச் சொல், சொந்தச் சரக்கைச் சேர்க்காதே, பிடிக்காததை விழுங்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு பூவைப் பறித்துக் காட்டினாள்.

மீசைக்காரர் எழுந்து நின்றார். 'இல்லை' என்றது அவர் கை. பிறகு அந்தக் கைகள் வேகமாக ஓடத் தொடங்கின.

 அந்தக் கட்டடத்தில் இதுவரை வாயிலிருந்து கைக்குத்தான் பேச்சு போயிருக்கிறது. கையிலிருந்து வாய்க்கு வந்ததில்லை. சட்டம் இரு திசைக்கும் பொது. பேசுகிறவர் 'நான்' என்றால், சொல்கிறவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

"நான் செருப்புத் தைக்கிறவன்" என்றாள் உரக்க. "எனக்கு அறுபது வயசு ஆகப்போகுது."

பின்னாலிருந்த இளைஞர்களிடையே ஒரு சிரிப்பு எழுந்து, அவள் குரலைக் கேட்டு அடங்கியது.

"பூன்னு சொல்லாதீங்க. பூ சும்மா இருக்கும். இந்தப் பொண்ணு ஒரு நாளும் சும்மா இருந்ததில்ல. எங்கம்மா மடியில இருந்த காலத்துலேர்ந்து நான் இங்க வர்றேன். எல்லாரும் எழுந்தா எழுந்திருப்பேன், உட்கார்ந்தா உட்காருவேன். மீதி நேரம் ஃபேனைப் பாத்துட்டு இருப்பேன். இங்க என்ன பேசறீங்கன்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. இவ வந்து சொன்னா. இயேசு ஒரு செவிடனைக் கூட்டத்துலேர்ந்து தனியா கூட்டிட்டுப் போயி, அவன் காதுல விரலை வெச்சார்னு சொன்னா. அன்னைக்கு நான் அவகிட்ட சண்டை போட்டேன். என்னை மாதிரி ஒருத்தன் உங்க வேதத்துல இருக்கான், இத்தனை வருஷம் ஏன் என்கிட்ட மறைச்சீங்கன்னு கேட்டேன். அவ மேல தப்பே இல்ல. ஆனா அவதான் மன்னிப்புக் கேட்டா."

அவர் மூச்சு வாங்கினார்; அவளும் வாங்கினாள். அவர் கை கடைசி வரிசையை நோக்கி நீண்டது.

"அங்க நிக்கற பசங்களைக் கேக்கறேன். கை இருக்கு, கண்ணு இருக்கு, படிப்பு இருக்கு. எதுக்குக் குடுத்தார்னு யோசிச்சீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க எதைப் பாக்கணும்? மறுபடியும் ஃபேனையா?"

 பெரியப்பா எழுந்தார். "நேரமாகுது பாஸ்டர். ஜெபம் பண்ணி முடிங்க."

சட்டம் சட்டம்தான். சின்னவள் அதையும் கையால் சொன்னாள்; அவர் ஆட்டிய விரலைக்கூட விடவில்லை. முன்வரிசை முழுவதும் ஒரே அசைவில் திரும்பி அவரைப் பார்த்தது. காது கேளாதவர்கள் பார்ப்பது போல வேறு யாரும் பார்ப்பதில்லை, கண் இமைப்பதில்லை. பெரியப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கை தயாராக உயர்ந்தது. அவர் அமர்ந்துவிட்டார்.

அதன் பின் அவள் தன் சொந்தச் சொல்லைச் சொன்னாள். வாயாலும் கையாலும் ஒருங்கே.

"நான் நிப்பேன். எனக்குப் பாதிதான் தெரியும். தப்பு வரும், திருத்துங்க. மூலையில இல்ல, இங்கயே நிப்பேன்."

போதகர் மேடைக்குப் பக்கத்தில் அவளைப் பாதி மறைத்துக்கொண்டிருந்த பெரிய பூஞ்சாடியை இரண்டு கைகளாலும் தூக்கி, பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பூவைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்தை அடைவதற்குள் வானம் மூடிக்கொண்டது. பெட்டி இறங்கியது. குழிக்கு ஒரு பக்கம் குடும்பம். மறுபக்கம் காது கேளாதவர்கள். கடைசி ஜெபத்தைப் போதகர் தொடங்கும்போது அந்தி மங்கி, முகங்கள் ஒன்றோடொன்று கரையத் தொடங்கியிருந்தன. அவள் சைகை செய்தாள். எதிரில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள், முன்னால் சாய்ந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு இருட்டு என்பது இரண்டாவது செவிடு.

"இருட்டிடுச்சு, போதும்மா" என்றார் மண்வெட்டியோடு நின்றவர். "மண்ணைத் தள்ளிடவா?"

"இன்னும் முடியல" என்றாள் அவள், கையை இறக்காமல்.

குடும்பத்தின் பக்கத்திலிருந்து அப்பா புறப்பட்டார். "எங்கடா போற?" என்ற பெரியப்பாவின் குரலுக்குத் திரும்பாமல், ஈர மண்ணில் கால் புதையக் குழியைச் சுற்றி மறுபக்கம் வந்து, காது கேளாதவர்களின் நடுவே நின்றார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதன் விளக்கைப் போட்டு, தலைக்கு மேலே உயர்த்தினார். வெளிச்சம் நேராக அவள் கண்ணில் அடித்தது, கண் கூசியது. மீசைக்காரர் அப்பாவின் மணிக்கட்டைத் தொட்டுச் சற்றே கீழே சாய்த்துக் காட்டினார். வெளிச்சம் இறங்கி அவள் கைகளின் மேல் நின்றது.

போதகர் அவசரப்படவில்லை. ஜெபம் நீண்டது. பாதியில் அப்பாவின் புயம் நடுங்கத் தொடங்கியது. அவர் அதை மடக்கவில்லை. விளக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.