விஜியின் நீல டிரம்

ஐப்பசி நெருங்கினால் விஜிக்குச் சரியாகத் தூக்கம் வராது. பள்ளிப்பட்டில் அவள் பிறந்த வீட்டில் ஒருமுறை இடுப்பளவு தண்ணீர் ஏறியது. நனையாத தீப்பெட்டி ஒன்றுகூட இல்லாமல் தெருவே இருட்டில் தவித்தது. அதை அவளால் மறக்க முடியவில்லை.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தால், புகுந்த வீடும் நந்தியாற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. கூடத்தில் விசைத்தறி, பின்னால் சமையல்கட்டு, வெளிப்புறமாக ஏறும் மாடிப்படி. முதல் வருஷமே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வாங்கினாள். வெயில் தணிந்ததும் பஜாரில் ஒவ்வொன்றாக வாங்கி அதில் சேர்ப்பாள். டார்ச், பேட்டரி, மெழுகுவர்த்தி, நைலான் கயிறு, காய்ச்சல் மாத்திரை, பிஸ்கட். மூடியை இறுக்கி அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவாள்.

"கலெக்டரம்மா ஆய்வுக்குக் கிளம்பிட்டாங்க" என்பான் கணவன் பரணிதரன்.

அந்த வருஷம் தீபாவளி போயும் மழை இல்லை. வானம் பங்குனி மாதிரி பளிச்சென்று இருந்தது. மாமனார் ஜம்புலிங்கம் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உன் டிரம்ம பாத்துதாம்மா மேகம் பயந்துகினு ஆந்திரா பக்கமே நின்னுடுச்சி."

மேகம் ஆந்திரா பக்கத்தில்தான் கொட்டியது. பிறகு இங்கேயும் கொட்டியது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு கரையைத் தாண்டிவிட்டதாக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. மின்சாரம் நின்றது. வாசலில் தண்ணீர் வந்துவிட்டது. மழை இருட்டில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை.

"பயப்படாதீங்க, எல்லாம் கீது" என்று விஜி டிரம்மை இறக்கினாள். தடவி டார்ச்சை எடுத்து அழுத்தினாள். எரியவில்லை. உள்ளே பேட்டரியே இல்லை.

"ஏங்க, பேட்டரி?"

"டிவி ரிமோட்டுக்குப் போட்டேன். மேட்ச் ஓடிகினு இருந்துச்சி."

"போன்ல லைட்டாவது போடுங்க."

காலையிலிருந்து புயல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. விஜியின் போன் அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

மெழுகுவர்த்தி அட்டைப்பெட்டி காலியாக இருந்தது. "கரண்ட் போறப்பல்லாம் ஒண்ணொண்ணா ஏத்துனேன். அதுக்குத்தானே வாங்குன?" என்றாள் மாமியார் அம்சா. கயிற்றைக் காணோம். தறி மோட்டாரை வண்டியில் கட்டி கே.ஜி.கண்டிகைக்கு ரிப்பேருக்கு எடுத்துப்போன மாமனார், கயிற்றை அங்கேயே விட்டுவிட்டார். பிஸ்கட் உறை மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சர்க்கரை நோயாளியான ஜம்புலிங்கம் இருமினார்.

மாத்திரை அட்டை மட்டும் அப்படியே இருந்தது. அது யாருக்கும் பிடிக்காத பொருள்.

சுவரைத் தடவிக்கொண்டு நால்வரும் மாடிக்கு ஏறினார்கள். நூல் மூட்டைகளில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டார்கள். மேலே போய் மூச்சு வாங்கியதும் அம்சா எழுந்தாள்.

"என் பட்டுப்பொடவ பீரோவுல கீதுடி."

"வேணாம் அத்தை. படி வழுக்குது, ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாத படியா?"

விஜி கையைப் பிடிப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். சத்தம் கேட்டது. பிறகு அலறல். பரணிதரனும் விஜியும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி அவளை மேலே தூக்கி வந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலிக்கு அந்தக் காய்ச்சல் மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். விடிந்ததும் டிராக்டரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் அதன்பின் அம்சா எழுந்து நடக்கவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் விஜிதான்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து நாத்தனார் வசந்தி ஆப்பிள் பையோடு வந்தாள். தெருப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டாள்: "அவ்ளோ பெரிய டிரம்மு வச்சிகினு ஒரு வெளிச்சத்துக்கு வழியில்லையா? லைட் இருந்திருந்தா எங்கம்மா உழுந்திருக்குமா?"

விஜி கணவனைப் பார்த்தாள். அவன் தறியில் அறுந்த நூலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"வருஷா வருஷம் எடுத்து வக்கிற பொண்ணுதாம்மா. இந்தத் தபா சரியா பாக்காம உட்டுடுச்சி" என்றார் ஜம்புலிங்கம், அவளுக்காகப் பரிந்து பேசுகிற குரலில்.

"பேட்டரி எங்க போச்சின்னு உங்க தம்பிய கேளுங்க அண்ணி."

"இப்ப அத பேசி இன்னா ஆவப்போவுது?" என்றான் பரணிதரன். கட்டிலிலிருந்து அம்சா முனகினாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பேச்சு அதோடு முடிந்தது. விஜி பெட்பேனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்தாள்.

வெயில் வந்து போனது. மறுபடியும் ஆவணியில் மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. அம்சாவின் படுக்கை விரிப்பை விஜி அலசிக்கொண்டிருந்தபோது பரணிதரன் வந்து நின்றான்.

"இன்னா விஜி, இந்த வருஷம் ஒண்ணும் வாங்கலியா?"

"நீங்க வாங்கினு வாங்க."

"ஆங், அதுக்கின்னா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனான்.

தூறல் வலுக்கும்போது திரும்பி வந்தான். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் மட்டும் இருந்தது. "மழைக்கு நல்லா இருக்கும்னு சூடா பஜ்ஜி வாங்கினேன்" என்று நீட்டினான்.

விஜி வாங்கிக்கொண்டாள். ஒன்றை எடுத்து ஊதி, சின்னதாகப் பிட்டு, மாமியார் வாயில் வைத்தாள்.

"உப்பு கம்மி" என்றாள் அம்சா.