இரண்டாம் நிருபம் வரும்வரை

எங்கள் சபைக் கமிட்டியில் பாதிப் பேர் வாயில் இருப்பது என் கைவேலை. பல் செட் செய்வது என் தொழில். தெருவில் என்னைப் பல்லுக்காரர் என்பார்கள். சபையில் மட்டும் நான் வேதம் வாசிக்கிறவர். ஞாயிறு ஆராதனையில் பதினோரு வருடமாக வாசிப்பு என் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேசையில் வரிசையாக வாய் பிளந்து நிற்கும் பிளாஸ்டர் தாடைகளுக்கு முன்னால் மறுநாள் பகுதியைச் சத்தமாக வாசித்துப் பழகுவேன். அவை கமிட்டிக்காரர்களைப் போல நடுவில் குறுக்கிடாது.

வரிசையாக வாசிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒருவர் வாசிப்பார், தனக்குப் பிடித்த பகுதியை எடுப்பார். பிடித்த பகுதி என்றால், தனக்குப் பிடிக்காத ஆளுக்கு உறைக்கும் பகுதி என்று அர்த்தம். செயலாளருக்கும் பாடகர் குழுத் தலைவிக்கும் மனஸ்தாபம் வந்தால் ஒரு வாரம் நாக்கின் தீமையைப் பற்றி வாசிப்பு, மறுவாரம் அதற்குப் பதிலாக வெளிவேஷக்காரப் பரிசேயர்களைப் பற்றி. ஆளாளுக்கு வேதத்தை எடுத்து எறிந்துகொண்டிருந்தார்கள். பொறுக்க மாட்டாமல் பொதுக்கூட்டத்தில் எழுந்து, புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்திலிருந்து வாரத்துக்கு ஓர் அதிகாரம், யாரும் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். சண்டை ஓய்ந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது.

இப்போது லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் ஊரே அவனை லிஃப்ட்டு என்றுதான் கூப்பிட்டது. பெண்டாட்டி செத்து நாலு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை குட்டி இல்லை. சலவைக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணோடு பழக்கமாகி, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்தார்கள். அவளுடைய புருஷன் ஒன்பது வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தகவல் இல்லை. அதனால் சபையில் கல்யாணம் செய்துவைக்க வழியில்லை. அவர்கள் இருந்தது சரி என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

விஷயம் வெளியே வந்த வாரம், வரிசைப்படி அப்போஸ்தலர் பவுல் ஒரு சபைக்கு எழுதிய முதல் கடிதம், வேதத்தில் அதை நிருபம் என்பார்கள், அதன் ஐந்தாம் அதிகாரம் வந்தது. சபைக்குள் ஒருவன் தகாத உறவில் வாழ்கிறான், அவனை விலக்கி வையுங்கள், அவனோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட வேண்டாம் என்று அவர் கோபமாக எழுதும் இடம். நான் தொண்டையைத் திறந்து வாசித்தேன். பாதியிலேயே தலைகள் நாலாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. லிஃப்ட்டு தன் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி கூடியது.

"யாரும் பொறுக்கி எடுக்கலையே. தானா வந்த வசனம்," என்றார் செயலாளர்.

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? அவனுக்குத் திருவிருந்து கிடையாது, ஆலயத்துக்குள் இடம் கிடையாது, வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே நின்று கேட்கலாம் என்று முடிவானது. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. சபைச் சட்டப் புத்தகத்தில் விலக்குவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு வரி இல்லை. கமிட்டியில் நானும் ஓர் ஆள். மச்சான் என்று பார்த்தான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று என் கைதான் முதலில் மேலே போனது.

ஞாயிறு மத்தியானம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அன்று என் மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"அவனுக்கு வேண்டாம்," என்றேன்.

"என் தம்பிங்க அவன்."

"வாசிச்சேன்ல? கேட்டேல்ல?"

"இயேசு போகாத வீடா, உக்காந்து சாப்பிடாத ஆளா?"

"அது சுவிசேஷம். இப்ப நாம வாசிக்கிறது நிருபம்," என்றேன்.

இதைச் சொன்ன வாயில் என்ன போட்டால் தகும்? அப்போது எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. அவள் ஒரு தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அவன் வந்து வாசலில் நின்றபோது நான்தான் போய் விவரம் சொன்னேன். "சரி அத்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆனால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பட்டறைக்குப் போய், பவுல் எழுதிய அந்த ஆள் பிறகு என்ன ஆனான் என்று தேடினேன். ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால், அதே சபைக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தில், இரண்டாம் அதிகாரத்தில் இருந்தது. அவனுக்குக் கிடைத்த தண்டனை போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துக்கம் அவனை அப்படியே விழுங்கிவிடும் என்று கெஞ்சுகிறார். அதே ஆளா, வேறு ஆளா என்று படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அன்று அந்த ஆள் லிஃப்ட்டுதான். விரல் விட்டு எண்ணினேன். இன்னும் பதின்மூன்று ஞாயிறு.

மறுநாளே பாஸ்டரைப் பார்த்து அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். நல்ல மனுஷன், ஆனால் கமிட்டியைக் கண்டால் நடுங்குவார்.

"இப்ப நான் எடுத்துப் பேசினா, பல்லுக்காரர் சொல்லிக் கொடுத்தார்னு சொல்லுவாங்க," என்றார். "வரிசையில வரட்டும் ஐயா. அன்னைக்கு அதையே பிரசங்கம் பண்றேன். தானா வந்த வசனத்தை யாராலயும் தட்ட முடியாது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாரும் எதையும் முன்னால் இழுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே எப்படி இழுப்பான்? உள்ளுக்குள் இருந்தது சட்டம் அல்ல, பயம். செயலாளர் முகத்துக்கு நேரே நின்று ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிச்சல் இல்லை. என் வேலையை வசனம் செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

நாலாவது வாரம் அவன் பட்டறைக்கு வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான். சட்டையில் இஸ்திரி இல்லை.

"அவ போயிட்டா அத்தான். கடையையும் காலி பண்ணிட்டா. நான் தனி ரூம் எடுத்துட்டேன். கமிட்டிக்கு லெட்டரும் எழுதிக் கொடுத்துட்டேன்."

"பார்த்தேன். பரிசீலனையில இருக்கு."

"இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிடறேன்."

சொல்லியிருக்கலாம். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து, இங்கே பாருடா, உனக்காக எழுதியிருக்கிறது, வா வீட்டுக்கு என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போயிருக்கலாம். நான் மெழுகை உருக்கிக்கொண்டே, "வாசிப்புல ஒண்ணு வருது மச்சான். வந்தா எல்லாம் சரியாயிடும். பொறுமையா இரு," என்றேன்.

"எத்தனை அதிகாரம் இருக்கு?"

"ஒம்பது."

"ஒம்பதுதானே," என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே போகிறவர்கள் அவனைத் தாண்டும்போது கைப்பையில் எதையோ தேடுவார்கள். மழை பெய்த நாளில் மட்டும் எதிர்க்கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினான். அன்பைப் பற்றிய அதிகாரம் வாசித்த அன்று, நான் வெளியே வந்ததும் முகமெல்லாம் வெளிச்சமாகக் கிட்ட வந்தான்.

"அத்தான், இதுதானா?"

"இல்லடா. இது கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறது."

ஆள் மெலிந்துகொண்டே போனான். என் மனைவி ஜன்னல் வழியாக அவன் தெருவில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட மாட்டாள். பதினோரு வருடமாக நான் வாசிப்பதை அப்படியே நம்பியவள் அவள். வரப்போவது என்ன என்று அவளிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றே தட்டை எடுத்து வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கியார் வந்தார். அவர் தனக்கு வேண்டிய பகுதியைத் தானே வாசித்துக்கொண்டார். ஒரு வாரம் போனது. கடைசியில் இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு உரிய ஞாயிறு வந்தது. லிஃப்ட்டு முகம் மழித்து, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். உள்ளே போனால் மேடை முழுக்க வயர். ஆலயத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்கி, அன்று அதற்குப் பிரதிஷ்டையாம். பாட்டு, ஜெபம், நன்றியுரை, நன்கொடை கொடுத்தவர்களுக்கு மேடையில் மரியாதை.

"நேரம் பத்தாது, வாசிப்பை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்," என்றார் செயலாளர்.

நான் பாஸ்டரைப் பார்த்தேன். பாஸ்டர் மைக்கைப் பார்த்தார். நானும் போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். புது ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. கேட்டுக்கு வெளியே நின்றவனுக்கு நன்றியுரையின் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "அடுத்த வாரம்டா. கண்டிப்பா," என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. "என்னை உள்ள விடறதுக்கு வசனமே இல்ல போல அத்தான்," என்றான். சண்டை போடும் குரலில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

புதன்கிழமை காலை, ஏழு மாடித் துணிக்கடைக் கட்டிடம் ஒன்றில், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன்மேல் லிஃப்ட் இறங்கிவிட்டது. குழிக்குள் கால் வைக்கும் முன் சுவரில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சை அமுக்க வேண்டும். அமுக்கினால் லிஃப்ட் நகராது.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை மறந்ததில்லைங்க. எனக்கே அவர்தான் சொல்லிக் கொடுத்தாரு," என்று கூட வேலை பார்த்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "கொஞ்ச நாளாவே ஆள் இங்க இல்லைங்க."

மறந்தானா, மறக்கவில்லையா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

விலக்கி வைக்கப்பட்டவனுக்கு ஆலயத்தில் அடக்க ஆராதனை கிடையாது. பாஸ்டர் அங்கியில்லாமல், சொந்தக்காரர் மாதிரி கல்லறைத் தோட்டத்துக்கு வந்து மெதுவாக ஜெபம் செய்தார். கூட்டத்துக்கு வெளியே, மண்வெட்டிகள் சாத்தி வைத்திருந்த சுவரோரம் சலவைக்கடைக்காரி நின்றாள். என் மனைவி நேரே அவளிடம் போனாள்.

"நான் போயிட்டா சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன் அக்கா," என்றாள் அவள்.

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பாடு போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிறு வந்தது. வேறு யாராவது வாசிக்கட்டும் என்று பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. புது மைக் முன்னால் நின்று அந்த அதிகாரத்தை வாசித்தேன். மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசங்கத்தில் பாஸ்டர் அந்த வசனத்தைத் தொடவில்லை. யாரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பிரசங்கிப்பார்? வெளியே வரும்போது செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க. ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு கேட்டுச்சு."

வீட்டுக்கு நடக்கும்போது என் மனைவி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மருந்துக்கடை முக்கில் நின்றாள்.

"அந்த வசனம் அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"அவனை வெலக்குன அன்னைக்கே."

கத்துவாள், நடுத்தெருவில் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் என் கக்கத்தில் இருந்த வேதத்தைப் பார்த்தாள்.

"அதுல வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்றாள். "இருந்தா இப்பவே சொல்லிடுங்க. முறை வரட்டும்னு வெச்சிருக்காதீங்க. அவங்களாவது பொழைச்சுப் போகட்டும்."

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் வாசித்தும், அப்படி ஒருவரை நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன்.